சூரியனுக்குச் சொந்த ஊர் எது?

அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்ததில் ஒரு வேடிக்கை நடந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "இரும்புச்சத்து ரொம்பக் கம்மியா இருக்கே" என்றார்.

அப்பா நம்பவில்லை. "டாக்டர், முப்பத்தோரு வருஷம் ஃபவுண்டரில கிடந்தவன் நான். இரும்பைச் சுவாசிச்சேன், இரும்பைத் துப்பினேன். எனக்கா கம்மி? இன்னொரு தரம் நல்லாப் பாருங்க."

டாக்டர் இன்னொரு தரம் பார்த்தார். கம்மிதான். மாத்திரை எழுதினார், முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னார், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

ஒரு மனுஷ உடம்பில் இருக்கிற மொத்த இரும்பே மூணு நாலு கிராம்தான். ஒரு சின்ன ஆணி அடிக்கலாம். அதில் கொஞ்சம் குறைந்ததற்குத்தான் மாடிப்படி ஏறினால் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது.

அதே வாரம் ஊரிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். தாத்தாவின் வீட்டை விற்கப் போகிறார்களாம். வீடென்றால் ஓடு போட்ட ரெண்டு அறை, ஒரு வேப்பமரம். (மரம் நல்ல நிலைமையில் இருக்கிறது.) அப்பா வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"கையெழுத்துதான, போட்டுருவோம்" என்று போனை வைத்த அப்பா மூன்று வாரமாகக் கிளம்பவில்லை. ஒரு நாள் முதுகுவலி. ஒரு நாள் அமாவாசை. ஒரு நாள் ரயிலில் டிக்கெட் இல்லை (அவர் பார்க்கவே இல்லை).

1974ல் பதினெட்டு வயசில் ஒரு டிரங்குப் பெட்டியோடு எழும்பூரில் வந்து இறங்கியவர். ராயபுரம், பிறகு திருவொற்றியூர் என்று ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டார். ஆனாலும் யாராவது "சார் எந்த ஊரு?" என்று கேட்டால் யோசிக்காமல் "கோவில்பட்டிப் பக்கம்" என்பார். அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டால் அப்புறம் என்ன சொல்வது? அதுதான் முதுகுவலி.

எனக்கு அந்தப் பிரச்சனை இல்லை. பிறந்தது ராயபுரம். படித்தது பி.காம். நாலைந்து லேத்துப் பட்டறைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறேன், மிச்ச நேரத்தில் இந்தப் பக்கத்தை நிரப்புகிறேன். அந்த வாரம் பார்த்து நான் நட்சத்திரங்களைப் பற்றிப் படித்துக் கொண்டிருந்தேன். அதிலும் சில நட்சத்திரங்களில் மட்டும் இரும்பு ஏன் ஜாஸ்தி என்கிற விஷயம். அப்பா, "அங்க ஜாஸ்தியா இருக்கா? பாரேன்!" என்றார், தன்னுடையதை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி.

சரி, அவ்வளவு தூரத்தில் இருக்கிற நட்சத்திரத்தில் எவ்வளவு இரும்பு என்று எப்படித் தெரியும்?

இதற்குப் பதில் ராயபுரத்திலேயே இருக்கிறது. ஊரிலிருந்து வந்த புதிதில் அப்பா, தன் மாமாவின் பழைய இரும்புக் கடையில்தான் சேர்ந்தார். அந்தத் தாத்தாவை நானும் பார்த்திருக்கிறேன். யாராவது ஒரு இரும்புத் துண்டைக் கொண்டு வந்தால் அதை கிரைண்டிங் வீலில் ஒரு நொடி வைப்பார். பொறி பறக்கும். அதைப் பார்த்தே விலை சொல்லிவிடுவார். நீளமாக, வெளுத்த மஞ்சளில் கோடு கோடாகப் பறந்தால் சாதா இரும்பு. மத்தாப்பு மாதிரி கிளை கிளையாக வெடித்தால் கார்பன் ஜாஸ்தி, அரம், உளி வகையறா. குட்டையாக, மங்கின சிவப்பில் விழுந்தால் வார்ப்பிரும்பு. பொறியே வரவில்லையென்றால் அலுமினியமோ பித்தளையோ, "வேற கடைக்குப் போ" என்பார். மூணாம் கிளாஸ் தாண்டாதவர்.

பின்னாளில் அப்பா வேலை பார்த்த ஃபவுண்டரியில் இதையே ஒரு மிஷின் செய்தது. உருக்கின இரும்பில் ஒரு சாம்பிள் எடுத்து மின்பொறி வைப்பார்கள். அந்த வெளிச்சத்தை மிஷின் வண்ணம் வண்ணமாகப் பிரிக்கும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கென்றே சில நிறக் கோடுகள், நம் கைரேகை மாதிரி. ஒரு நிமிஷத்தில் கார்பன் இத்தனை, சிலிக்கன் இத்தனை, மாங்கனீஸ் இத்தனை என்று சீட்டு வந்துவிடும்.

நட்சத்திரத்துக்கும் அதே சீட்டுதான். சாம்பிள் எடுக்கப் போக வேண்டாம். வெளிச்சம் தானாகவே வந்து சேர்கிறது. அதைப் பிரித்தால் நடுநடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். சூரிய வெளிச்சத்தில் இரும்பின் கோடுகள் மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

ஆனால் கோடு தடிமனாக இருந்தாலே சரக்கு நிறைய இருக்கிறது என்று நினைத்து எல்லோரும் ஏமாந்தார்கள். கோட்டின் பலம் சூட்டையும் பொறுத்தது. அந்த முடிச்சை அவிழ்த்தவர் மேக்நாத் சாஹா. டாக்கா பக்கத்துக் கிராமத்தில் ஒரு சின்ன மளிகைக் கடைக்காரரின் மகன். 1920ல் அவர் எழுதிய சமன்பாட்டை வைத்துக்கொண்டு 1925ல் சிசிலியா பெய்ன் என்கிற இளம்பெண் கணக்குப் போட்டார். சூரியனில் மிகப் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்று வந்தது. சூரியனும் பூமியும் ஏறக்குறைய ஒரே சரக்கு என்று பெரியவர்கள் அதுவரை நம்பிக் கொண்டிருந்தார்கள். "இது சாத்தியமில்லை" என்று அந்தக் காலத்துப் பெரிய தலை ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் சொல்ல, பாவம், அந்தப் பெண் தன் ஆராய்ச்சிக் கட்டுரையிலேயே "இந்த எண் அநேகமாக நிஜமில்லை" என்கிற பாணியில் எழுத வேண்டியதாயிற்று. நாலு வருஷம் கழித்து ரஸ்ஸலே வேறு வழியாக வந்து அதையே சொன்னார். ஆபீஸில் ஐடியா கொடுத்து அனுபவப்பட்டவர்களுக்கு இது புதுசாக இருக்காது.

சூரியனின் எடையில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம். மீதி ஒன்றரை சதவீதம்கூடக் கிடையாது. அந்த மீதி மொத்தத்தையும் விஞ்ஞானிகள் "உலோகம்" என்றே அழைக்கிறார்கள். இரும்பும் உலோகம், கார்பனும் உலோகம். நாம் சுவாசிக்கிற ஆக்சிஜனும் அவர்களுக்கு உலோகம்! கெமிஸ்ட்ரி வாத்தியார்கள் மன்னிக்க மாட்டார்கள். ஆனால் என் மாதிரி கணக்குப் பிள்ளைக்கு உடனே புரிந்தது. ரெண்டு பெரிய தலைப்பு, மூணாவதாக "இதர வகைகள்". எல்லா லெட்ஜரும் இப்படித்தான்.

ஆகவே "உலோகம் மிகுந்த நட்சத்திரம்" என்றால் எண்ணூர் லாரி மாதிரி கனத்துக் கிடக்கும் என்று எண்ண வேண்டாம். சூரியனுக்கு ஒன்றரை என்றால் அதற்கு மூன்று சதவீதம். அவ்வளவுதான் பணக்காரத்தனம்.

இந்த வேலைக்கு நம் மாநிலத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த தொலைநோக்கி. 1986 ஜனவரியில் வேணு பாப்பு பெயரை வைத்தார்கள். முழுப் பெயர் மணலி கல்லாட் வேணு பாப்பு, பிறந்தது சென்னை என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆஹா, நம்ம மணலிக்காரர்! திருவொற்றியூருக்கு அடுத்த ஸ்டாப்! டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன். அப்புறம் விசாரித்தால் மணலி கல்லாட் என்பது மலையாளக் குடும்பப் பெயர். டீக்கடையில் இன்னும் திருத்தம் வெளியிடவில்லை.

சரி, அந்த இரும்பு முதலில் எப்படி உண்டாகிறது?

இதிலும் ஒரு சென்னைக்காரர் வருகிறார், இவர் அசல். பிரசிடென்சி காலேஜில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். 1930ல் கப்பலில் இங்கிலாந்து போகும்போது பத்தொன்பது வயசு. டெக்கில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டார். எரிந்து முடிந்து சுருங்கிப்போன வெள்ளைக் குள்ளன் என்கிற நட்சத்திரச் சாம்பல் எவ்வளவு எடை தாங்கும்? விடை, சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. பக்கத்து நட்சத்திரத்திலிருந்து சரக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த அளவை நெருங்கினால், அந்தக் குள்ளன் ஒரேயடியாக வெடிக்கும். ஒரு வெடிப்பில் சூரியனின் பாதி எடைக்கு நிக்கல் உண்டாகி, அது கோபால்ட்டாகி, சில மாதங்களில் இரும்பாகிவிடுகிறது. உலகத்து இரும்பில் பெரும்பங்கு இந்த வழியில் வந்தது. அப்பாவின் ரத்தத்தில் குறைகிற அரைக்கால் ஆணியும் அப்படித்தான்.

வெடித்துச் சிதறிய இரும்பு அங்கிருக்கிற வாயுவில் கலக்கும். அடுத்த தலைமுறை நட்சத்திரம் அந்த வாயுவிலிருந்து பிறக்கும். அதில் உலோகம் கொஞ்சம் ஜாஸ்தி. அதன் பிள்ளைக்கு இன்னும் ஜாஸ்தி. எங்கே நட்சத்திரங்கள் நெருக்கமாகப் பிறந்து செத்துக் கொண்டிருக்கின்றனவோ அங்கே உலோகம் சீக்கிரம் சேரும். நம் பால்வெளியில் அது நடுப்பகுதி. வெளியே வர வர உலோகம் குறையும். மூவாயிரம் ஒளியாண்டு தள்ளினால் பத்துப் பதினைந்து சதவீதம் கழிவு. நாம் இருப்பது மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு. பாரிமுனையும் இல்லை, பழவேற்காடும் இல்லை. திருவொற்றியூர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, ஒரு நட்சத்திரம் பிறந்த இடத்தில் என்ன சரக்கு இருந்ததோ அதுதான் அதன் மேற்பரப்பில் கடைசிவரை தெரியும். இரும்பு அளவைச் சொல், ஊரைச் சொல்கிறேன் என்கிற கதை. எங்கள் தெருவில் பேச்சை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது போல. "அங்கன" என்றால் தெற்கத்தி ஆள். "ஏமண்டி" என்றால் நெல்லூர்ப் பக்கம். பர்மா கதை வந்தால் ரங்கூனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். "மென், ஐ டெல் யூ" என்று ஆரம்பித்தால் ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியன் தாத்தா. 1856லேயே தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ஸ்டேஷன் ராயபுரம் என்பதால் ஆட்களுக்குக் குறைவேயில்லை.

இங்கேதான் விஞ்ஞானிகளுக்குத் தலைவலி ஆரம்பித்தது. நம் அக்கம்பக்கத்திலேயே, சூரியனைப் போல் இரண்டு மடங்கு இரும்பு வைத்திருக்கிற கிழ நட்சத்திரங்கள் இருக்கின்றன. இந்தப் பேட்டை வாயுவில் இன்றைக்குக்கூட அவ்வளவு உலோகம் கிடையாது. அவை பிறந்த காலத்தில் இன்னும் கம்மி. பின்னே எப்படி? ஒரே வயசு நட்சத்திரங்களை எடுத்துப் பார்த்தாலும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு. 2004ல் பதினாலாயிரம் நட்சத்திரங்களைக் கணக்கெடுத்தார்கள், அப்போதும் அதே குழப்பம். பெங்களூர் இந்திய வானியற்பியல் மையத்தைச் சேர்ந்த ஈஸ்வர் ரெட்டியும் அமெரிக்கக் கூட்டாளிகளும் 2003ல் 181 நட்சத்திரங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் 27 தனிமங்கள் வரை அளந்து வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட ஐயாயிரம் எண்ட்ரி! என் பட்டறைக்காரர்கள் மாதத்துக்கு இருபது பில் தரவே மூக்கால் அழுகிறார்கள்.

விடை, இந்த ஆசாமிகள் வெளியூர்க்காரர்கள். மையத்துக்குப் பக்கத்தில் பிறந்து இங்கே வந்தவர்கள்.

வந்தவர்கள் என்றால் எப்படி? இதில் ரெண்டு வகை உண்டு. கும்மிடிப்பூண்டி லோக்கலில் தினமும் போய்வருகிற வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பொன்னேரியில் வீடு, பீச் ஸ்டேஷன் பக்கம் ஆபீஸ். காலை எட்டு மணிக்குத் திருவொற்றியூரைத் தாண்டும்போது அவரும் திருவொற்றியூரில்தான் இருக்கிறார். ஆனால் சாயங்காலம் திரும்பிவிடுவார். நட்சத்திரங்களிலும் இப்படி உண்டு. நீள்வட்டப் பாதையில் உள்ளே போய் வெளியே வந்து சுற்றுபவை. நம் பக்கம் வரும்போது நாம் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொரு வகை, ரேஷன் கார்டை மாற்றிக்கொண்டு குடிவந்தவர். பாதையே மாறிவிட்டது. ஒழுங்கான வட்டத்தில், இங்கேயே பிறந்தவர் மாதிரி சுற்றிக்கொண்டிருப்பார். பேச்சுதான் காட்டிக் கொடுக்கும்.

உலோகம் மிகுந்தவை எந்த வகை? 2015ல் கோர்டோபாட்டிஸ் என்பவரின் குழு சூரியனுக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவற்றைப் பார்த்தது. சுமார் பாதிப்பேர் கிட்டத்தட்ட வட்டப் பாதையில் சமர்த்தாகச் சுற்றுகிறார்கள்! பாஸ் வைத்துப் போய்வருகிற கேஸ் இல்லை. நிரந்தரக் குடியேற்றம்.

இதற்கு ஒரு வழியை 2002ல் செல்வுட், பின்னி என்ற இருவர் சொன்னார்கள். அதைப் புரிந்துகொள்ள எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு வாருங்கள். கன்டெய்னர் டிரெய்லர்கள் ஊர்ந்து கொண்டிருக்கும். சைக்கிளில் போகிற பையன் ஒருத்தன் லாரியின் பின்பக்கச் சங்கிலியை எட்டிப் பிடிப்பான். மிதிக்காமலே இழுத்துக்கொண்டு போகும். (யாரும் முயற்சிக்க வேண்டாம். எனக்கு முழங்காலில் தழும்பு இருக்கிறது.) ஒரு நுணுக்கம் என்னவென்றால், லாரியும் சைக்கிளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போனால்தான் பிடிக்க முடியும். வேகமாகப் போகிற லாரி பிடிபடாது.

பால்வெளிக்குச் சுருள் சுருளாகக் கரங்கள் உண்டு. நட்சத்திரமும் வாயுவும் நெரிசலாக இருக்கிற பட்டைகள். அவை தங்களுக்கென்று ஒரு வேகத்தில் சுற்றுகின்றன. ஏறக்குறைய அதே வேகத்தில், ஒரு கரத்துக்குச் சற்றுப் பின்னால் வருகிற நட்சத்திரத்தைக் கரத்தின் ஈர்ப்பு முன்பக்கம் இழுக்கும். சுற்றும் ஆற்றல் கூடும், பாதை பெரிசாகும், நட்சத்திரம் வெளிப்பக்கம் நகரும். கரத்துக்கு முன்னால் போகிற நட்சத்திரத்தைக் கரம் பின்னுக்கு இழுக்கும். அது உள்பக்கம் போய்விடும். கரமும் நிரந்தரமில்லை. கலைந்து வேறொன்று உருவாகும். லாரி யார்டுக்குள் திரும்பிவிட்டது, நீங்கள் ஏதோ ஒரு கேட் வாசலில் சைக்கிளோடு நிற்கிறீர்கள். இனி அதுதான் உங்கள் பேட்டை. அதிர்ச்சியில்லை, மோதலில்லை, பாதை கோணவில்லை. அதனால்தான் வந்த சுவடே தெரிவதில்லை. பால்வெளியின் நடுவில் உலக்கை மாதிரி ஒரு பட்டை சுழல்கிறதே, அதுவும் இந்தக் கலக்கலில் கைகொடுக்கிறது.

சில குடும்பங்கள் சாமான் செட்டோடு மொத்தமாகவே கிளம்பியிருக்கின்றன போலிருக்கிறது. என்.ஜி.சி. 6791 என்று ஒரு நட்சத்திரக் கூட்டம், லைரா மண்டலத்தில். வயசு சுமார் 800 கோடி வருஷம். இரும்பு சூரியனைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். மையத்திலிருந்து ஏறக்குறைய நாம் இருக்கிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கிராமத்துக் கோயில் சாமியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்த மாதிரி.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். கிரகம் வேண்டுமென்றால் உலோகம் வேண்டும் சார். 2005ல் ஃபிஷர், வாலன்டி என்ற இருவர் ஆயிரத்துச் சொச்சம் நட்சத்திரங்களை ஆராய்ந்தார்கள். சூரியனைவிட இரும்பு குறைந்தவற்றில் நூற்றுக்கு மூன்று பேருக்குக்கூட வியாழன் மாதிரி பெரிய கிரகம் இல்லை. இரண்டு மடங்கு வைத்திருப்பவற்றில் நூற்றுக்கு இருபத்தைந்து. கிரகம் தேடுகிறவர்கள் எந்த வீட்டுக் கதவை முதலில் தட்டுவார்கள் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

இனிதான் விஷயம்.

சூரியனுக்கு வயசு 460 கோடி வருஷம். வினாடிக்குச் சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியும் பால்வெளியை ஒரு சுற்றுச் சுற்ற இருபத்துச் சொச்சம் கோடி வருஷம் ஆகிறது. இதுவரை இருபது சுற்று முடித்திருக்கும். 1996ல் வீலன் என்கிற ஜெர்மன்காரரும் இரண்டு சகாக்களும் ஒரு குண்டு போட்டார்கள். சூரியனில் இருக்கிற உலோகம், அதன் வயசுக்கார அண்டை வீட்டுக்காரர்களின் சராசரியைவிட அதிகம். ஆகவே இவரும் உள்ளூர் இல்லை. சுமார் ஆறாயிரம் ஒளியாண்டு உள்ளே பிறந்து இங்கே வந்தவர்.

அப்புறம் பலர் கணக்குப் போட்டுவிட்டார்கள். 2018ல் ஒரு குழு, அவ்வளவு தூரமெல்லாம் இல்லை, மூவாயிரம் ஒளியாண்டு இருக்கலாம் என்றது. வேறு சிலர் பத்தாயிரம் வரை போகிறார்கள். ஆடிட்டர்கள் ஒத்துப்போகாத பாலன்ஸ் ஷீட். ஆனால் உள்ளேயிருந்து வெளியே வந்தவர் என்பதில் பெரும்பாலோர் ஒரே கட்சி. இந்த விவகாரத்துக்கெல்லாம் அடிப்படைச் சரக்கு கொடுத்துக் கொண்டிருப்பது 2013 டிசம்பரில் ஐரோப்பியர்கள் ஏவிய கையா என்கிற விண்கலம். சுமார் 200 கோடி நட்சத்திரங்களின் இடத்தையும் ஓட்டத்தையும் அளந்துவிட்டு 2025ல் ரிட்டயர் ஆகிவிட்டது. அது அளந்து வைத்ததைப் பிரித்துப் படிக்க இன்னும் பல வருஷம் ஆகும்.

பிறந்த இடத்தில் சூரியனுக்குக் கூடப்பிறந்தவர்களும் உண்டு. ஒரே மேகத்தில் ஆயிரக்கணக்கில் பிறந்திருப்பார்கள். எல்லோரும் ஆளுக்கொரு பக்கம். 2014ல் டெக்சாஸில் ஒரு குழு, ஹெச்.டி. 162826 என்ற நட்சத்திரத்தைக் காட்டி, 110 ஒளியாண்டுத் தள்ளியிருக்கிற இது சூரியனின் உடன்பிறப்பாக இருக்கலாம் என்றது. சரக்கும் வயசும் ஒத்துப் போயிற்றாம். மற்றவர்களில் யார் எங்கே என்று தகவலே இல்லை. விடுதலைப் பத்திரத்துக்கு எத்தனை கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும்!

மே மாதக் கடைசியில் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. பத்து மணி இருக்கும். அப்பாவைக் கைப்பிடித்து மொட்டை மாடிக்கு ஏற்றினேன். மாத்திரை வேலை செய்கிறது, மூச்சு முன்னைப்போல் வாங்கவில்லை. தெற்கே துறைமுகத்து வெளிச்சம் மட்டும் அடிவானத்தில் மஞ்சளாகப் பூசியிருந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே, கையை நீட்டி முஷ்டியை வைத்தால் ஒன்றரை முஷ்டி உயரத்தில், பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு பிரகாசமான நட்சத்திரம். டெல்லிக்காரர்களுக்கு அது தரையை ஒட்டித்தான் தெரியும். நமக்கு நன்றாகவே தெரியும்.

"பெரிசா இருக்கு பாருங்க, அது ஆல்ஃபா சென்டாரி. சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு ரொம்பக் கிட்ட இருக்கிற நட்சத்திரக் குடும்பம். நாலேகால் ஒளியாண்டுக்குச் சொச்சம். அதுல சூரியனைவிட ஒன்றரை மடங்கு இரும்பு."

"நம்ம பக்கத்து வீடு?"

"ஆமா. அதுவும் உள்பக்கத்துலேர்ந்து வந்ததா இருக்கலாம்."

அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். பாரதி டாக் பக்கம் கையைக் காட்டினார். "அங்கதாம்ல பெல்லாரி, ஹோஸ்பேட்லேர்ந்து இரும்புக்கல் வந்து கப்பல் ஏறும். 77லேர்ந்து. ஜப்பானுக்குப் போவும். கொடியில துணி காயப்போட்டா செகப்பாயிரும், உங்கம்மா திட்டுவா." கோர்ட் உத்தரவில் 2011ல் அது நின்று போனது. எங்கள் கொடியில் வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே காய்கிறது.

"அப்ப சூரியன் திரும்பி அந்தப் பக்கம் போவுமா?"

"போகலாம், போகாமலும் இருக்கலாம். போனாலும் அது பிறந்த மேகம் இருக்காதுப்பா. அது கலைஞ்சு எத்தனையோ கோடி வருஷம் ஆச்சு."

"இடம்?"

"இடம்னு தனியா ஒண்ணும் கிடையாது. எல்லாமே சுத்திக்கிட்டிருக்கு."

அவர் பதில் சொல்லவில்லை. கரண்ட் வந்தது. ரெண்டு நட்சத்திரமும் மங்கிவிட்டன. கீழே இறங்கும்போது, "வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் பாரு" என்றார்.

கோவில்பட்டி பதிவு அலுவலகத்தில் கூட்டமில்லை. சித்தப்பா, அத்தை, பம்பாயிலிருந்து வந்த பெரியப்பா மகன் எல்லோரும் ஆஜர். பத்திர எழுத்தர் மூக்குக் கண்ணாடியை இறக்கி, "விலாசம் சொல்லுங்கய்யா" என்றார். அப்பா திருவொற்றியூர் விலாசத்தைக் கதவு நம்பரோடு சொன்னார். "அந்தாண்ட சந்துல ரெண்டாவது வூடு" என்று தேவையில்லாமல் சேர்த்துக் கொண்டார்.

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "ஐயா மெட்ராஸ்காரவுகளோ?"

சித்தப்பா சிரித்துவிட்டார். ராயபுரத்தில் ஐம்பது வருஷமாக அவரைக் "கோவில்பட்டியார்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நட்சத்திரம் தேவலை, எத்தனை சுற்று வந்தாலும் மேல் சரக்கு மாறுவதில்லை. அப்பா பதிலே சொல்லாமல் நாலு இடத்தில் கையெழுத்தும், ரேகையும் வைத்தார். விரலைத் துடைத்துக்கொள்ள என் கர்ச்சீப்பைக் கேட்டார்.

பஸ் ஸ்டாண்டில் கடலைமிட்டாய் ஆறு பாக்கெட் வாங்கினார். "டாக்டருக்கு ஒண்ணு" என்றார். "வெல்லத்துல இரும்பு இருக்காம்ல, நீ எழுதலியே அத?"